நாலாம் நம்பர் டிரம்

"இருக்காரு சார், இருக்காரு. மொதல்ல உக்காருங்க. டீ சொல்லட்டுமா, பாதாம் பாலா?" என்றார் மேனேஜர் ரஷீத் அஹமது.

சூரியபிரகாஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து ஆம்பூரில் அவன் ஏறி இறங்கிய ஆறாவது தோல் தொழிற்சாலை இது. மற்ற ஐந்து இடங்களிலும் வாயால் கேட்டான். "அப்படி யாரும் இல்ல" என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள். இங்கேதான் வெளிநாட்டுக் கடிதத்தை எடுத்து நீட்டினான். மேனேஜர் அதில் முதல் நாலு வரியைப் படித்தார், மேலே இருந்த சின்னத்தைத் தடவிப் பார்த்தார், ஆள் இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

"அவர் பேர் என்ன சார்?" என்று கேட்டான் சூரியபிரகாஷ்.

"உங்களுக்குத் தெரியாதா? மூணு வருசமா பழக்கம்னு இதுல போட்டிருக்கே!"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல விழித்தான் சூரியபிரகாஷ். கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்ததே அவன்தான்.

சங்கதி இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ இணையத்தில் ஒரு பாட்டை ஏற்றியிருந்தார்கள். பாடியவர் பெயரும் இல்லை, படமும் இல்லை. "ஆம்பூர், நாலாம் நம்பர் டிரம்" என்று ஒரே ஒரு வரி. தோலையும் மருந்தையும் போட்டுச் சுற்றவிடுகிற, ஓர் அறை அளவு பெரிய மரப் பீப்பாய்க்குத்தான் இந்தப் பக்கத்தில் டிரம் என்று பெயர். அப்படிப்பட்ட டிரம்கள் தடக் தடக்கென்று சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே கனத்த ஓர் ஆண் குரல், பாதி தமிழும் பாதி உருதுவுமாகப் பதினேழு நிமிடம் பாடியது. தாளம் கிடையாது. ராகம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. "இன்னிக்கும் லாரி வர்ல" என்ற வரி மட்டும் நாற்பத்தோரு தடவை வந்தது. சூரியபிரகாஷ் எண்ணி வைத்திருந்தான்.

தமிழ்நாட்டில் அந்தப் பாட்டை யாரும் சீந்தவில்லை. ஐரோப்பாவில் குளிர் அதிகமுள்ள ஒரு சின்ன ஊரில் கேட்டார்கள், கேட்டு உருகினார்கள். அந்த ஊரில் ஆவணப்பட விழா நடத்தும் ஹெல்கா என்ற அம்மையார், இந்தப் பாடகரைப் பற்றி யாராவது படம் எடுத்தால் விழாவின் தொடக்கப் படமே அதுதான் என்று அறிவித்தார். காட்பாடியிலிருந்து சூரியபிரகாஷ் உடனே விண்ணப்பம் போட்டான். 'உலகத்தை விட்டு ஒதுங்கி வாழும் இந்த மேதையின் நம்பிக்கையை நான் மூன்று ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்து பெற்றேன்' என்று எழுதினான். எழுதும்போது அவன் கண்ணே கலங்கியது. அதே வரியை எடுத்துப் போட்டு, படம் தேர்வாகிவிட்டது என்று கடிதமும் வந்துவிட்டது. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் படத்தை எடுத்து அனுப்ப வேண்டும். இன்று திங்கட்கிழமை.

அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவன் மனைவி சங்கீதா தெளிவாகச் சொல்லியிருந்தாள். "இதோட நாலாவது படம். மொதல் மூணையும் நான் ஒருத்திதான் பாத்தேன். இதுவும் போச்சின்னா, பேசாம எங்க அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போயிடுங்க."

அண்ணன் சம்பத்தின் ஸ்டுடியோ விரிஞ்சிபுரத்தில் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. மாப்பிள்ளையையும் பெண்ணையும் தாமரைப் பூவுக்குள் உட்கார வைத்து வானத்தில் பறக்க விடுவதில் சம்பத் கெட்டிக்காரர். அந்தத் தாமரை சூரியபிரகாஷின் கனவில்கூட வந்து பயமுறுத்தியது. நாற்பத்தொரு வயதில் மச்சானுக்குக் குடை லைட் பிடித்துக்கொண்டு நிற்பதா?

"பேரை... இங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிடறீங்கன்னு கேட்டேன்" என்று சமாளித்தான்.

"ஜெயசீலன்" என்றார் ரஷீத் அஹமது, கண்ணைச் சிமிட்டாமல்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோல் ஊர்களில் வெளிநாட்டுக் கடிதத்தோடு ஓர் ஆள் வந்தால் அது ஆடிட். ஷூ வாங்குகிற கம்பெனிக்காரன் ஆள் அனுப்பி, தீயணைப்புப் பயிற்சி பெற்றவர் உண்டா, முதலுதவி தெரிந்தவர் உண்டா, தொழிலாளர் குழுத் தலைவர் உண்டா என்று பட்டியல் போட்டுக் கேட்பான். இல்லை என்று சொன்னால் மூன்று நாள் தங்கி மூலைமுடுக்கெல்லாம் நோண்டுவான். இதோ என்று ஒருவரைக் காட்டினால் டிக் போட்டுவிட்டு மத்தியான ரயிலைப் பிடிப்பான். ஆகவே அந்தத் தொழிற்சாலையில் 'இல்லை' என்ற சொல்லையே யாரும் புழங்குவதில்லை. எல்லாப் பதவிக்கும் ஜெயசீலன் இருந்தான்.

அவன் வந்து நின்றான். முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. போன வாரத்து ஆடிட்டுக்கு மாட்டிய 'தீயணைப்பு அலுவலர்' சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"ஜெயசீலா, சார் ஃபாரின்லேர்ந்து லெட்டர் கொண்டாந்திருக்காரு. நீதான் பாட்டு பாடறவன்" என்றார் மேனேஜர்.

"சரி சார்" என்றான் ஜெயசீலன். போன வருடம் கேன்டீன் கமிட்டித் தலைவர் ஆனபோதும் இதே "சரி சார்"தான்.

சூரியபிரகாஷ் கேமராவை நாட்டினான். டிரம்கள் வரிசையாகச் சுற்றுகிற கூடத்தில், மோட்டார் போய் மூன்று வருடமாகச் சும்மா நின்றுகொண்டிருந்த நாலாம் நம்பர் டிரம்முக்கு முன்னால் ஜெயசீலனை உட்கார வைத்தான். 'டிரம்முக்குள் இறங்காதீர்' என்ற பலகை படத்தில் விழுந்தது. மேனேஜர் சத்தமில்லாமல் போய் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டார்.

"எந்தத் துயரம் உங்களைப் பாட வைக்குது?"

ஜெயசீலன் தரையைப் பார்த்தான். ஆடிட்காரர்களின் கண்ணைப் பார்க்கக் கூடாது என்பது பாலபாடம். "சந்தோசமா இருக்கேன் சார்."

"ஏன் உலகத்தை விட்டு ஒதுங்கிட்டீங்க?"

"எட்டு மணி நேரந்தான் வேல சார். ஓவர்டைம் இல்ல."

"மரணத்தைப் பத்தி யோசிக்கறதுண்டா?"

"எமர்ஜென்சி வழி ரெண்டு இருக்குது சார். ரெண்டும் தொறந்துதான் வச்சிருக்கோம்."

சூரியபிரகாஷுக்குப் புல்லரித்தது. இப்படி ஒரு பதிலை எந்தத் தத்துவவாதியும் சொன்னதில்லை. அன்று மாலையே அந்தப் பேட்டிக் காட்சியை ஹெல்காவுக்கு அனுப்பினான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'என்ன அடக்கம்! என்ன இருள்! ஆனால் ஒரு சந்தேகம். பாட்டில் இருக்கும் கனத்த குரல் பேச்சில் இல்லையே. இவருடையது கீச்சுக்குரலாக இருக்கிறதே?'

அது சின்னத் தலைவலிதான். சூரியபிரகாஷ் அதைத் தானே பெரிதாக்கிக்கொண்டான். இனி படத்தில் ஜெயசீலன் பேசவே கூடாது என்று முடிவு செய்து, 'அவர் மௌன விரதத்தில் இருக்கிறார். இன்று பேசியது எனக்காகச் செய்த விதிவிலக்கு. இனிப் பாடுவதற்கு மட்டும்தான் வாய் திறப்பார்' என்று ஹெல்காவுக்கு எழுதிவிட்டான்.

'அற்புதம்' என்று பதில் எழுதினார் ஹெல்கா. 'அப்படியானால் அவர் பாடுவதையே அனுப்புங்கள்.'

செவ்வாய்க்கிழமை காலை ஜெயசீலனைப் பாடச் சொன்னான் சூரியபிரகாஷ். ஜெயசீலன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் ஜெயசீலன் தொண்டையைத் திறந்தான். பக்கத்து மெஷின்காரர் எதுவோ சிக்கிக்கொண்டது என்று பயந்து மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"என்னய்யா இது!" என்று கத்தினான் சூரியபிரகாஷ்.

"அடிக்காதீங்க சார், உண்மையச் சொல்லிடறேன். எனுக்குப் பாட வராது. சர்ச்சுல கொயர்ல நிக்க வச்சாங்க. ஒரு வாரம் கேட்டுட்டு, 'நீ சும்மா வாய மட்டும் அசை'ன்னு ஃபாதரே சொல்லிட்டாரு."

"அப்ப பாடகர்னு எதுக்கு வந்து உக்காந்தே?"

ஜெயசீலனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஃபயர் ஆபீசர்னு உக்காந்தப்ப யாரும் நெருப்பு வச்சி அணைச்சிக் காட்டுன்னு கேக்கல சார். பாடகர்னா மட்டும் பாடிக் காட்டணுமா?"

சூரியபிரகாஷ் நேரே மேனேஜர் அறைக்குப் போனான்.

"சார், என்கிட்ட மறைக்காதீங்க. பாடினது இவர் இல்ல."

"யாரு சொன்னது? மூடு வர்ல. கலைஞன்னா அப்படித்தான் சார், இன்னாத்துக்கு பேஜார் ஆவறீங்க?" என்ற ரஷீத் அஹமது, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது இருக்கட்டும். அந்தப் பாட்டு மேல அவங்க ஏதாவது கம்ப்ளைன்ட் எழுதியிருக்காங்களா?"

"கம்ப்ளைன்டா? உருகறாங்க சார். ஹெல்காவோட அம்மா, எண்பத்திரண்டு வயசு. தினம் இந்தப் பாட்டைக் கேட்டாத்தான் தூக்கமே வருதாம்."

மேனேஜரின் முகம் லேசாகச் சுருங்கியது. "தூக்கமா? அரே, அது இன்னா தூங்கற பாட்டா?"

"உங்களுக்குப் புரியாது சார். 'லாரி வர்ல'ன்னு வருதில்ல? லாரிங்கறது லாரி இல்ல. உழைக்கிறவனுக்கு வராத விடுதலை. நாற்பத்தோரு தடவை அவன் விடுதலைய அழைக்கறான்."

"லாரின்னா லாரிதான் சார். கன்டெய்னர் ஏத்தற லாரி. அது வர்லன்னா சரக்கு இங்கியே கெடக்கும், கப்பல் போயிடும்."

சூரியபிரகாஷ் இரக்கத்தோடு சிரித்தான். தோலோடும் லாரியோடும் காலம் தள்ளும் மேனேஜருக்குக் குறியீடு எங்கே தெரியப் போகிறது? பத்து வருடம் பக்கத்திலேயே ஒரு மேதை இருந்தாலும் இவர் வருகைப் பதிவேட்டில் டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

ஜெயசீலன் மேதை இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அவன் முகம் ஹெல்காவுக்குப் போய்விட்டதே. இப்போது ஆளை மாற்றினால் மூன்று வருட நம்பிக்கை என்ன ஆவது? சூரியபிரகாஷ் நன்றாக யோசித்து, ஏற்கெனவே செய்த தப்புக்குத் தோதாக இன்னொரு தப்பைச் செய்தான். பழைய பாட்டை ஓடவிட்டு, அதற்கு ஜெயசீலனை வாயசைக்கச் சொன்னான். சர்ச்சில் பழகியது வீண் போகவில்லை. ஜெயசீலன் பிரமாதமாக வாயசைத்தான்.

இதற்கு நடுவில் மேனேஜர் தொல்லை தாங்கவில்லை. கேமரா வைத்த இடத்திலெல்லாம் வந்து நின்றார்.

"சார், ஃப்ரேம்ல விழறீங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க."

தள்ளிக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் வந்தார்.

"அந்த எடத்துல வாய அவ்ளோ தொறக்கக் கூடாது சார். அங்க பாட்டு உள்ள போவுது, வெளிய வர்ல" என்றார்.

"சார், ப்ளீஸ். இது சினிமா. எனக்குத் தெரியும்."

"இல்ல, சும்மா சொன்னேன்" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார் மேனேஜர்.

"கனைக்காதீங்க சார், சவுண்ட்ல விழுது!"

ரஷீத் அஹமது வாயைப் பொத்திக்கொண்டு மூன்றாம் நம்பர் டிரம்முக்குப் பின்னால் போய் நின்றார். சூரியபிரகாஷுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கலைக்கு முன்னால் யாருக்காக இரக்கப்படுவது?

புதன்கிழமை ஹெல்காவின் பதில் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்து நின்ற கதைதான். 'இது இரண்டு வருடம் முன்பு நாங்கள் கேட்ட அதே பதிவு. நடுவில் வரும் இருமல்கூட அதே இடத்தில் வருகிறது. நடுவர்கள் சந்தேகப்படுகிறார்கள். புதிய பாட்டு ஒன்றை, கேமராவை நிறுத்தாமல், வெட்டாமல், ஒரே மூச்சில் எடுத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் வருத்தத்தோடு தேர்வை ரத்து செய்ய வேண்டியிருக்கும்.'

அவன் அந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சங்கீதா போன் செய்தாள். "அண்ணன் கேக்கறாரு, வெள்ளிக்கிழம ஆம்பூர்ல ஒரு காதுகுத்து இருக்குதாம். நீங்க அங்கதான இருக்கீங்க, அப்படியே பாத்துக்குவீங்களான்னு."

சூரியபிரகாஷ் மேனேஜர் அறைக்குள் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தான். இந்தத் தடவை அவன் அதட்டவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தனக்கு யாரையும் தெரியாது, மூன்று வருடம் என்பது பொய், ஜெயசீலனும் பொய் என்று தனக்குத் தெரியும், நாளை மாலையோடு எல்லாம் முடிந்தது. வெட்கத்தில் மேசைமேல் இருந்த தோல் மாதிரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அந்தப் பாட்டை முந்நூறு தடவ கேட்டிருப்பேன் சார். மூணு படம் எடுத்து ஒருத்தரும் பாக்கலையா, செத்துடலாம்னு இருந்தப்பதான் இது கெடச்சுது. யாருமே கேக்காட்டியும் ஒரு ஆள் பாடிக்கிட்டே இருக்கான். அது எனக்கு எவ்ளோ தைரியமா இருந்துச்சு தெரியுமா? அவரை ஒரு தடவ நேர்ல பாத்து இதச் சொல்லணும். அவ்ளோதான் சார் எனக்கு."

ரஷீத் அஹமது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"நாளைக்குப் பாடுவாரு" என்றார் கடைசியில்.

"யாரு?"

"ஜெயசீலன்தான். வேற யாரு? நான் பேசி மூடு வர வைக்கறேன். ஆனா கண்டிசன் இருக்குது சார். கூடத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது. லைட்டு போடக் கூடாது. அவரு நாலாம் நம்பர் டிரம்முக்கு உள்ள ஏறி நின்னு பாடுவாரு. நீங்க வெளிய. உள்ள எட்டிப் பாத்தீங்கன்னா பாட்டு நின்னுடும்."

"நீங்க இருப்பீங்களா சார்?"

"எனுக்கு வாணியம்பாடில வேல இருக்குது. காலைலயே போய்டுவேன். ஃப்ரேம்ல விழமாட்டேன், பயப்படாதீங்க."

வியாழக்கிழமை மத்தியானம் கூடம் காலியாக இருந்தது. மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் மட்டும் தடக் தடக்கென்று சுற்றிக்கொண்டிருந்தன. சூரியபிரகாஷ் கேமராவை ஓடவிட்டான். ஜெயசீலன் வந்தான். டிரம்மின் சின்னக் கதவு வழியாக உள்ளே ஏறினான். கதவுக்குள் ஒரே இருட்டு.

ஒரு நிமிடம் எதுவும் இல்லை. சூரியபிரகாஷ் மனதில் தாமரைப் பூ மலர ஆரம்பித்தது.

பிறகு அந்தக் குரல் வந்தது.

அதே குரல். மரப் பீப்பாய் முழுக்க நிறைந்து, கதவு வழியாக வழிந்து வெளியே வந்தது. "லாரி வந்துடுச்சி" என்று பாடியது. "ஏத்தறதுக்கு ஆள் இல்ல" என்று பாடியது. நடுவில் உருதுவில் எதையோ யாரிடமோ மன்றாடியது. சுருதி எங்கோ போய்விட்டு, வீட்டுக்கு வழி தெரிந்த மாடு போலத் தானே திரும்பி வந்தது. பத்தொன்பது நிமிடம். சூரியபிரகாஷ் கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து நின்றான். தாமரை, மச்சான், ஹெல்கா எல்லாம் போயே போய்விட்டன.

பாட்டு முடிந்து ஜெயசீலன் இறங்கி வந்தான். வேர்த்துக் கொட்டியிருந்தது. பேயைப் பார்த்தவன் போல முகம் வெளுத்திருந்தது. சூரியபிரகாஷ் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டான்.

"பாட வராதுன்னு என்னமா நடிச்சே! இப்படி ஒரு குரல வச்சிக்கிட்டு எதுக்குய்யா ஒளிஞ்சே?"

"சந்தோசமா இருக்கேன் சார்" என்றான் ஜெயசீலன், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்.

கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் ஜெயசீலனை அணைத்தபடியே ஆபீஸ் அறைக்கு நடத்திக்கொண்டு போனான் சூரியபிரகாஷ். உட்கார வைத்து அவனுக்குப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தான். புதுப் பாட்டை வெட்டாமல் அப்படியே வைத்து, மற்றதை மட்டும் வெட்டி ஒட்டி, ஐந்தே முக்காலுக்குப் படத்தை அனுப்பினான். அதில் ஒரு சிறு திருத்தமும் செய்திருந்தான். முந்தைய நாள் காட்சிகளில் இரண்டு இடத்தில் ஃப்ரேம் ஓரமாக மேனேஜரின் தோள் தெரிந்தது. அதைக் கவனமாக வெட்டி எடுத்துவிட்டான்.

ராத்திரி எட்டு மணிக்கு ஹெல்காவின் பதில் வந்தது. 'நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். படம் இறுதியாகிவிட்டது, இனி ஒரு காட்சியும் மாறாது. போஸ்டரில் ஜெயசீலனின் முகம். தொடக்க நாளன்று எழுநூறு பேர் முன்னால் ஜெயசீலன் மேடையில் நேரில் பாடுகிறார். உங்கள் இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்தாயிற்று. என் அம்மாவும் வருகிறார்.'

சூரியபிரகாஷ் சங்கீதாவுக்குப் போன் செய்து, காதுகுத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி உன் அண்ணனிடம் சொல் என்றான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு கம்பீரமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். வாட்ச்மேன் சர்தார் பாஷா பதிவேட்டை நீட்டினார். வெளியேறும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்று நாளாக நல்ல மனுஷரான மேனேஜரைக் கனைக்காதே, தள்ளி நில் என்று விரட்டியது அவன் மனதை உறுத்தியது.

"மேனேஜர் சார் வாணியம்பாடிலேர்ந்து வந்ததும் நான் ரொம்ப தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க" என்றான்.

சர்தார் பாஷா பதிவேட்டை மூடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"வாணியம்பாடியா? மேனேஜர் சாப் எங்கியும் போவலியே சார். நீங்க கேமரா ஸ்டாண்டு நடறதுக்கு முன்னாடியே எப்பவும் போல டிரம்முக்குள்ள ஏறி உக்காந்துட்டாரு, பாடி முடிச்சி, நீங்க ஜெயசீலனக் கட்டிப் புடிச்சி அழுதுக்கினே அந்தப் பக்கம் போனப்பறந்தான் எறங்கி வந்தாரு."